முக்காலில் நின்ற முள்

என் கல்லூரி நண்பன் ஒருவன் ஸ்டாக்ஹோமில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே பத்து மீட்டர் நீளத்தில் பழைய பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறான். படகின் உள்ளே, சமையல் மேடைக்கு மேலே, தொட்டிகளின் மட்டம் காட்டும் மூன்று வட்ட முகங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். முதலாவது டீசல், இரண்டாவது குடிநீர், மூன்றாவது கழிவறைத் தொட்டி. நான் போயிருந்த ஜூலையில் அந்த மூன்றாவது முள் முக்காலுக்குச் சற்று மேலே நின்றது. காலையில் பார்த்தாலும் அங்கேதான். நான்கு பேர் இரண்டு நாள் படகிலேயே தங்கி எழுந்த பிறகும் அங்கேதான். துறைக்குப் போய்த் தொட்டியை முழுக்க உறிஞ்சி எடுத்தார்கள். அப்போதும் முள் அசையவில்லை.

"கேஜ் போயிடுச்சுடா. புதுசு ஆர்டர் போட்டிருக்கேன், வந்ததும் மாத்திடலாம்" என்றான்.

"கொஞ்சம் பொறு. அதுக்கு யார் என்ன சொல்றாங்கன்னு மொதல்ல பாப்போம்" என்றேன்.

ஆலைத் தொட்டிகளில் மட்டம் அளக்கும் கருவிகளோடுதான் என் வேலைக்காலம் கழிந்தது. 'கேஜ் போச்சு' என்ற தீர்ப்பை நான் கேட்காத ஆலை இல்லை. கண்ணுக்குத் தெரிவது முள் மட்டும் என்பதால் பழி எப்போதும் அதன்மேல் விழுகிறது. மாற்றிய புது முள்ளும் அதே இடத்தில் போய் நிற்கும்போதுதான் ஆட்கள் தொட்டியின் பக்கம் திரும்புவார்கள்.

இந்த முள் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டி நிரம்பினால் நல்ல தண்ணீர் வழிந்து தெருவுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பார், மோட்டாரை நிறுத்துவோம். படகின் கழிவுத் தொட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தொட்டியிலிருந்து விரற்கடை அகலத்தில் ஒரு காற்றுக்குழாய் மட்டும் படகின் பக்கவாட்டுக்குப் போகிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது அந்தக் குழாயும் அடைத்திருந்தால், கழிவறையின் கைப்பம்பை ஒருவர் அழுத்த அழுத்த உள்ளே அழுத்தம் ஏறும். எங்கே இணைப்பு பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். நண்பனின் படகில் அந்த இடம் படுக்கைக்கு நேர்கீழே இருக்கிறது.

அப்படியானால் தொட்டியே இல்லாமல் கடலில் விட்டுவிடலாமே? பல பத்தாண்டுகள் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஸ்வீடன் 2015 ஏப்ரல் 1 முதல் அதைத் தடை செய்தது. பொழுதுபோக்குப் படகுகள் அந்நாட்டின் கடல் எல்லைக்குள்ளும் ஏரிகளிலும் கழிவறைக் கழிவை விடக் கூடாது. படகுத்துறைகள் அதை வாங்கிக்கொள்ள வசதி செய்து தர வேண்டும். உலகப் பெருங்கடல்களுக்கான மார்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு இவ்வளவு கடுமையானதில்லை. பெரிய கப்பல் ஒன்று கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், மணிக்கு 4 கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், தேக்கி வைத்த கழிவைச் சுத்திகரிக்காமலே சிறிது சிறிதாக விட அது இடம் தருகிறது. ஆழ்கடல் அதைக் கலைத்து ஏற்றுக்கொள்ளும் என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது.

பால்டிக் கடலில் அந்தக் கணக்கு செல்லாது. நம் வங்கக் கடலின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர். பால்டிக்கின் சராசரி ஆழம் 55 மீட்டர்தான். டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீரிணைகள் வழியாக மட்டுமே அது வெளிக்கடலோடு மூச்சு விடுகிறது. உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஒருமுறை மாறச் சுமார் 30 ஆண்டுகள் ஆகும். அதனால் அதில் சேரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெகுகாலம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கோடையில் நீலப்பச்சைப் பாசி பூத்துக் கடலின்மேல் மஞ்சள் பச்சைக் குழம்பு போலப் படர்வதை நானே பார்த்தேன். நாய்களை நீரில் இறங்க விடாமல் ஆட்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்துகளில் பெரும்பங்கு வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வருகிறது, படகுகளின் பங்கு சிறியது. ஆனால் படகுகள் மொய்ப்பது கோடையில், காற்றுக்கு ஒதுங்கிய சிறு குடாக்களில். பாசி வளர்வதும் அதே கோடையில், அதே குடாக்களில்.

ஆகவே அந்த மூன்றாவது முள் ஒரு கடலின் நலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பழுதுபார்க்கும் கதை சிறியதுதான், ஆனால் அளத்தல் என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பழுதை நான் கண்டதில்லை.

முள் எதை அளக்கிறது? கழிவை என்று சொல்லத் தோன்றும். முள்ளுக்கும் கழிவுக்கும் நேரடி உறவே கிடையாது. தொட்டிக்குள் நீர்மட்டம் ஒரு மிதவையைத் தூக்குகிறது. மிதவைக்குள் இருக்கும் காந்தம் பக்கத்திலுள்ள ஒரு சுவிட்சை மூடுகிறது. எந்தச் சுவிட்ச் மூடுகிறது என்பதைப் பொறுத்து மின்தடை மாறுகிறது. மின்தடை மாறினால் வயரில் ஓடும் மின்னோட்டம் மாறுகிறது. அந்த மின்னோட்டம் கேஜுக்குள் ஒரு சுருளில் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் முள்ளைத் திருப்புகிறது. காது மாற்றிக் காது சொல்லும் செய்தி போல, ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணி சொன்னதை மட்டுமே அறியும். கடைசியில் நிற்கும் முள்ளிடம் போய், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறோம்.

இந்தச் சங்கிலியில் எனக்கு மிகப் பிடித்த கண்ணி கேஜ்தான். படகின் மின்கலம் ஓய்வில் 12 வோல்ட்டை ஒட்டி இருக்கும். எஞ்சின் ஓடி மின்னேற்றம் நடக்கும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். கேஜில் ஒரே ஒரு சுருள் இருந்தால், எஞ்சினைப் போட்டதும் மின்னோட்டம் கூடி, தொட்டி திடீரென நிறைந்தது போல முள் ஏறிவிடும். பழைய கார்களின் பெட்ரோல் முள்ளுக்கு இந்த நோய் உண்டு. அதற்கென்றே தனியாக ஒரு மின்னழுத்தச் சீராக்கியை வைக்க வேண்டியிருந்தது. இந்தப் படகின் கேஜில் சுருள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றப்பட்டிருக்கின்றன. நடுவே முள்ளோடு ஒட்டிய குட்டிக் காந்தம் ஒன்று, இரு திசைப் புலங்களும் சேர்ந்து காட்டும் திசையில் திரும்பி நிற்கிறது. மின்னழுத்தம் கூடினால் எல்லாச் சுருள்களிலும் மின்னோட்டம் ஒரே விகிதத்தில் கூடும். புலம் வலுக்கும், ஆனால் திசை மாறாது. முள் நகராது. அளவைப் பார்க்காமல் விகிதத்தைப் பார்க்க வைத்து ஒரு பெரிய தொல்லையை ஒழித்துவிட்டார்கள்.

மின்தடையைப் பொறுத்தவரை உலகில் பரவலான இரண்டு வழக்கங்கள் உண்டு. ஐரோப்பிய வழக்கத்தில் தொட்டி காலியென்றால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க வழக்கம் நேர் எதிர்: காலிக்கு 240, நிறைவுக்கு 33. ஒரு வழக்கத்தின் கேஜை தொட்டிக்குள் இருக்கும் இன்னொரு வழக்கத்தின் உணரியோடு இணைத்தால் முள் தலைகீழாக ஓடும். தொட்டி நிறைய நிறைய அது காலியை நோக்கி இறங்கும். பழைய படகை வாங்குபவர்கள் இதில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. நண்பனின் படகு ஐரோப்பிய வழக்கம்.

நீளமான சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடும்போது ஒரு முனையிலிருந்து வரிசையாகத் தேடக் கூடாது. நடுவில் வெட்டிப் பார்க்க வேண்டும். பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்தால் மறு பாதியை மறந்துவிடலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதைப் பாடமாகப் படிக்காமலே செய்வார்கள்.

கேஜின் முதுகில் உணரியிலிருந்து வரும் வயரைக் கழற்றினேன். வயர் இல்லையென்றால் மின்தடை முடிவிலி. ஐரோப்பிய வழக்கப்படி முள் நிறைவையும் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். போய் ஒட்டிக்கொண்டது. அடுத்து அதே முனையை ஒரு துண்டு வயரால் பலகையின் எர்த்தோடு தொட்டேன். இப்போது மின்தடை சுழி. முள் சரசரவென்று காலிக்கு இறங்கியது. இரண்டு கோடியும் சரி. கேஜில் குற்றமே இல்லை. அரை நிமிட வேலை. நண்பன் கைப்பேசியை எடுத்து ஆர்டரை ரத்து செய்தான்.

அடுத்தது தொட்டிப் பக்கம். படுக்கையைத் தூக்கி, பலகையை எடுத்தால், வெள்ளை பாலிஎத்திலீன் தொட்டி. அதன் மேல்முகத்தில் உள்ளங்கை அளவில் உலோக வட்டு, அதிலிருந்து இரண்டு வயர். இரண்டையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். கழற்றாமல் வைத்தால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. மின்தடையை அளக்க மீட்டர் தன் சொந்தப் பேட்டரியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது, அதில் படகின் மின்னோட்டமும் கலந்தால் கணக்குக் கெடும். மீட்டர் 135 ஓம் காட்டியது.

தொட்டி காலி என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் உணரி 135 என்கிறது. 10-ஐக் கழித்தால் 125, அதை மொத்த வீச்சான 170-ஆல் வகுத்தால் ஏறத்தாழ முக்கால். முள் இத்தனை நாளும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே. முள் முக்காலுக்குச் 'சற்று மேலே' நின்றதை நான் அப்போது கண்டும் பொருட்படுத்தவில்லை. அந்தச் சற்றுக்குள் இன்னொரு பழுது ஒளிந்திருந்தது.

உணரியைக் கழற்றும் முன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிவு காற்றில்லாமல் மூடிக் கிடக்கும்போது சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி வாழ்கின்றன. அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்குச் சல்பேட் இருக்கிறது. அதனால்தான் கடல்நீரால் அலசும் படகுக் கழிவறை, நன்னீரால் அலசுவதைவிட மோசமாக நாறும். ஸ்டாக்ஹோம் தீவுகளை ஒட்டிய நீரில் உப்பு லிட்டருக்கு 6 கிராம் அளவில்தான், பெருங்கடலில் 35. ஆகவே அங்கே கொஞ்சம் தப்பித்தோம். அழுகிய முட்டை நாற்றம் தெரிந்தால் விலகிவிடலாம் என்று இருக்கவும் முடியாது. இந்த வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று மனிதர் நினைக்கும்போது ஆபத்து உச்சத்தில் இருக்கும்.

நம் ஊர்களில் மலக்குழிக்குள் இறக்கப்பட்டவர்களைக் கொல்வதும் இதே வாயுதான். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதை முற்றாகத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. அதன் பிறகும் குழிக்குள் ஆட்கள் இறக்கப்பட்டார்கள், செத்தார்கள். அறுபது லிட்டர் தொட்டியின் வட்டைத் திறக்கும் முன் நாங்கள் எல்லா ஜன்னல்களையும் மேல்மூடியையும் திறந்தோம், மின்விசிறி வைத்தோம், கையுறை போட்டோம், கால் மணி நேரம் வெளியே நின்றோம். இவ்வளவு முன்னெச்சரிக்கையோடு ஒரு தொட்டியின் வாயைத் திறக்கிற நான், குழிக்குள் முழு உடலோடு இறக்கப்பட்ட மனிதர்களை நினைக்காமல் அந்தத் திருகாணிகளைக் கழற்ற முடியவில்லை.

திருகாணிகள் ஐந்து. அவற்றில் ஒன்றின் துளை மட்டும் வேண்டுமென்றே சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருக்கும். அதனால் வட்டு ஒரே ஒரு நிலையில்தான் திரும்பப் பொருந்தும், யாரும் கோணலாக மாட்ட முடியாது. வட்டைத் தூக்கியதும் அதோடு முப்பது சென்டிமீட்டர் நீளத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்று வெளியே வந்தது. குழாயை வளையலாகச் சுற்றிய மிதவை, அடியிலிருந்து 22 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. மிதவைக்கும் குழாய்க்கும் இடையில் பழுப்பேறிய வெள்ளைக் கல் இறுகியிருந்தது. நகத்தால் கீறினால் பல்லில் படும் காறை போல நறநறத்தது.

அந்தக் கல்லின் பெயர் ஸ்ட்ருவைட். மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் நீரோடு சேர்ந்த படிகம். 1845-இல் ஹாம்பர்க் நகரில், பூமிக்கடியில் கிடந்த பழங்காலச் சாண, மலக் குவியலுக்குள் உலெக்ஸ் என்ற வேதியியலாளர் இதைக் கண்டார். அங்கே தூதராக இருந்தவரும் கனிமங்களில் ஆர்வமுள்ளவருமான ஸ்ட்ருவேயின் பெயரைச் சூட்டினார். நம் உடலுக்குள்ளும் இது உருவாகும். சிறுநீர்ப் பாதையில் சில பாக்டீரியாத் தொற்றுகள் நீடித்தால் தோன்றும் சிறுநீரகக் கல் இதே பொருள்தான்.

தொட்டிக்குள் நடந்ததும் அதேபோன்ற வேதியியல். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் உடைக்கின்றன, அம்மோனியா உண்டாகிறது. நீர் காரத்தன்மைக்கு மாறுகிறது. பாஸ்பேட் சிறுநீரிலேயே இருக்கிறது. மக்னீசியத்தை அலசுவதற்கு எடுக்கும் கடல்நீர் கொண்டுவருகிறது. காரம் ஏறியதும் மூன்றும் கரைந்திருக்க முடியாமல் படிகமாக இறங்குகின்றன. கழிவறைக் குழாய்களின் உள்சுவர் ஆண்டுக்கு ஆண்டு தடித்துக் குறுகுவதற்கும் இதுவும், இதோடு படியும் சுண்ணாம்பு உப்புகளுமே காரணம். சரி, ஏன் முக்காலில் போய் ஒட்டியது? நண்பனைக் கேட்டேன். போன இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றத் தேதி கிடைக்காமல் மூன்று வாரம் அப்படியே துறையில் நிறுத்தியிருந்தான். தொட்டி அப்போது முக்கால் நிறைந்திருந்தது. மிதவை அசையாமல் நின்ற அந்த மூன்று வாரத்தில் கல் அதைப் பிடித்துக்கொண்டது. கரையேற்றும் அன்று தொட்டியைக் காலி செய்தபோது நீர் இறங்கியது, மிதவை இறங்கவில்லை.

காரத்தில் பிறந்த கல் அமிலத்தில் கரையும். வாளியில் வெந்நீர் விட்டு, சிட்ரிக் அமிலப் பொடி நான்கு கரண்டி கரைத்து, குழாயை நிறுத்தி வைத்தோம். சுண்ணாம்பு உப்புகள் நுரைத்தன, ஸ்ட்ருவைட் சத்தமில்லாமல் மென்மையானது. நண்பன் கத்தியைக் கொண்டுவந்தான், வேண்டாம் என்றேன். சுரண்டினால் எஃகில் கீறல் விழும், அடுத்த படிகம் வேர் பிடிக்க அந்தக் கீறலே போதும். பழைய பல்துலக்கும் பிரஷும் பொறுமையும் போதும். ஓர் எச்சரிக்கை: நாற்றம் போக்க ஊற்றிய ப்ளீச்சிங் திரவம் மிச்சமிருக்கும் இடத்தில் அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். மூன்று மணி நேரம் கழித்து மிதவை தானாக நழுவிக் கீழே தட்டியது.

இப்போது குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். திறக்கத் தேவையில்லை, காதால் கேட்கலாம். மீட்டரை இணைத்து, மிதவையைக் கையால் மெல்ல ஏற்றினேன். 10. இரண்டு சென்டிமீட்டர் ஏறியதும் குழாய்க்குள் 'டிக்' என்று கொசு தட்டியது போல ஓர் ஒலி. 21. அடுத்த 'டிக்'. 33. பிறகு 44. குழாயைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நண்பன் எண்ணினான், நான் எண்களை எழுதினேன். பதினைந்து படிகளில் 180 வந்தது.

அந்த ஒலி ரீட் சுவிட்ச் எழுப்புவது. சிறு கண்ணாடிக் குழல், அதற்குள் நிக்கல்-இரும்புக் கலவையில் இரண்டு மெல்லிய நாக்குகள், நுனிகள் தொட்டும் தொடாமலும். பக்கத்தில் காந்தம் வந்தால் இரு நாக்குகளும் எதிரெதிர்த் துருவங்களாகக் காந்தமேறி ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், காந்தம் போனால் விலகும். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் எல்வுட் என்ற பொறியாளர் 1936-இல் இதை உருவாக்கினார். பல பத்தாண்டுகள் தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைத்தவை இத்தகைய கண்ணாடிக் குழல்களே. நம் உணரிக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக இவை ஏணிப்படி போல அடுக்கப்பட்டு, படிக்குப் படி சுமார் 11 ஓம் மின்தடை கோக்கப்பட்டிருக்கிறது. எந்தப் படியின் குழல் மூடுகிறதோ அந்தப் படி வரையிலான மின்தடை வெளியே தெரியும்.

பெட்ரோல் தொட்டியில் இருப்பது போல ஒரு கை, அதன் நுனியில் மிதவை, மேலே மின்தடைக் கம்பியில் உரசிக்கொண்டு நகரும் முனை என்ற ஏற்பாட்டைக் கழிவுத் தொட்டியில் வைக்க முடியாது. உப்பும் கழிவும் திறந்த மின்தொடர்பைச் சில மாதங்களில் தின்றுவிடும். ரீட் உணரியில் மின்சாரம் எஃகுக் குழாய்க்குள் மூடிக் கிடக்கிறது. வெளியே நகர்வது மிதவை ஒன்றுதான். எஃகுச் சுவரைக் கடந்து உள்ளே போவது காந்தப்புலம் மட்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு! அதன் ஒரே பலவீனம் அந்த மிதவை.

வட்டைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றினோம். பழையது கல்லாகி இருந்தது. வயர்களை இணைத்தோம். முள் காலிக்கு இறங்கியது. ஆனால் காலிக்கோட்டைத் தொடவில்லை, சற்று மேலே நின்றுகொண்டது.

அந்த முதல் நாளின் 'சற்று' இப்போதும் அங்கே இருந்தது. உணரியில் நேராக அளந்தால் 10 ஓம். கேஜின் முனையில் நின்று பேட்டரி நெகட்டிவ் வரை அளந்தால் 22. வழியில் எங்கோ 12 ஓம் கூடியிருக்கிறது. வீச்சு 170 ஓம், தொட்டியின் உயரம் 30 சென்டிமீட்டர். 12 ஓம் என்றால் இல்லாத கழிவு இரண்டு சென்டிமீட்டர். முதல் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்று யோசித்தேன். கேஜின் முனையைத் தொட்டுப் பார்த்தபோது நான் பயன்படுத்தியது பலகையிலேயே இருந்த எர்த். தொட்டிப் பக்கத்து எர்த் வயர் அந்தச் சோதனைக்குள் வரவே இல்லை. ஒரு சோதனை எதைச் சோதிக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று இளையவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான், அன்று அதைச் செய்யவில்லை.

எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனோம். படுக்கைக்குக் கீழே, ஈரம் தேங்கும் மூலையில், வயரின் நுனியை இணைக்கும் லக் ஒன்று பச்சைப் பூஞ்சணம் பூத்தது போல இருந்தது. செம்பும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வரும் அதே களிம்பு, கோயில் செப்புக்குடத்தில் நாம் புளி போட்டுத் தேய்ப்பது. உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே ஒரு சாண் தூரத்துக்குச் செம்பிழைகள் கறுத்திருந்தன. விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, முறுக்கிய இழைகளுக்கு இடையிலான நுண்ணிய சந்துகள் உப்பு நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். லக்கை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டியிருந்தால் ஆறு மாதம் தாங்கியிருக்கும். கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி எறிந்து, வெள்ளீயம் பூசிய இழைகள் கொண்ட புது வயரைச் சேர்த்து, இணைப்பின்மேல் சூட்டில் சுருங்கும் பசைக்குழலை ஏற்றினோம். முள் காலிக்கோட்டில் போய்ப் படுத்தது.

இத்தோடு பழுது தீர்ந்தது. ஆனால் முள்ளில் பாதி என்றால் தொட்டியில் பாதியா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த மட்டமானியையும் நம்பக் கூடாது. மிதவைக்கு உயரம் தெரியும், கொள்ளளவு தெரியாது. படகின் உடல் கீழே போகப் போகக் குறுகுவதால், அதன் பக்கத்தில் பொருந்தும் தொட்டியும் அடியில் ஒடுங்கி மேலே விரிந்திருக்கும். தொட்டியின் குறுக்குவெட்டு தலைகீழ் முக்கோணமாக இருந்தால், பாதி உயரத்தில் இருப்பது மொத்தத்தில் கால் பங்குதான். நண்பனின் தொட்டி அவ்வளவு கூர்மையானதில்லை. பத்து லிட்டர் வாளியால் நல்ல நீரை அளந்து ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் முள் நின்ற இடத்தைக் குறித்தோம். முதல் வாளிக்கே முள் காலைத் தாண்டியது. இரண்டாவதில் பாதியை நெருங்கியது. ஆனால் மூன்றாவது முடிந்து தொட்டி உண்மையிலேயே பாதி நிறைந்தபோது முள் அதிலிருந்து கொஞ்சம்தான் மேலே போயிருந்தது. நான்காவது வாளியில் முக்கால். முக்கால் என்று முள் காட்டும்போது இன்னும் இருபது லிட்டர் இடம் மிச்சம். அவர்கள் ஒரு முறை அலச ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆகிறது என்பதால் பத்து தடவைக்குப் போதும். பிழை பாதுகாப்பான பக்கம் சாய்ந்திருந்ததில் நண்பனுக்கு நிம்மதி.

படகு சாயும்போது? அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள செவ்வகத் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாயில் காற்றேறிப் படகு 20 பாகை சாய்ந்தால், தொட்டியின் ஓரச் சுவரில் மட்டம் 11 சென்டிமீட்டர் ஏறும், எதிர்ச்சுவரில் அதே அளவு இறங்கும். நடுவில் மட்டும் மாற்றமில்லை. ஆகவே உணரியின் இடம் நடு. நம் வண்டிகளில் பெட்ரோல் முள் மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றும் காட்டுவதைப் பார்த்திருப்போம், அதே கணக்கு.

"இவ்ளோ தொல்லைக்கு உள்ளே எதையும் விடாம வெளியில இருந்தே அளக்க முடியாதா?" என்று நண்பனின் மகள் கேட்டாள். முடியும், பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால். சுவரின் வெளிப்புறத்தில் செங்குத்தாக இரண்டு உலோகத் தாள் பட்டைகளை ஒட்டினால், அவை இரண்டும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. நடுவே காற்று இருக்கும்போது சேரும் மின்னூட்டத்தைவிட நீர் இருக்கும்போது சேர்வது மிக அதிகம். மின்னூட்டம் சேர இடம் தரும் தன்மையில் காற்றுக்கு 1 என்றால் நீருக்கு ஏறத்தாழ 80. அந்த வேறுபாட்டை ஒரு சிறு சில்லு படித்து முள்ளுக்குச் சொல்லும். எஃகுத் தொட்டியில் இது நடக்காது, உலோகச் சுவர் மின்புலத்தை உள்ளே விடாது. அங்கே அழுத்தத்தை அளக்கலாம். 30 சென்டிமீட்டர் நீரின் எடை தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான், ஆனாலும் இன்றைய உணரிகளுக்கு அது தாராளம்.

கழிவுத் தொட்டிக்குள் அசையும் உறுப்பே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்த மிதவை எவ்வளவு சுத்தம் செய்தாலும் திரும்ப ஒட்டும், அதன் இயல்பு அது. அடுத்த ஆண்டு பட்டைகளை ஒட்டிவிடு என்று நண்பனிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஒவ்வொரு முறை காலி செய்த பிறகும் ஒரு வாளி நன்னீர் ஊற்றி அலச வேண்டும், படகைக் கரையேற்றும் முன் சிட்ரிக் அமிலம் கலந்த நீரை ஒரு நாள் நிறுத்தி வைத்து, பிறகு உறிஞ்சி எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை தொட்டி நிறைய நல்ல நீரோடு துறையின் உறிஞ்சு நிலையத்துக்குப் போனோம். நண்பன் மேல்தளத்து மூடியைத் திறந்து, தடித்த குழாயின் வாயைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினான். குழாயின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பகுதி உண்டு, அதில் நீர் முதலில் கலங்கலாக ஓடி, பிறகு வெளுத்தது. நான் உள்ளே கேஜின் முன் நின்றேன். முள் வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை, படிப்படியாக இறங்கியது. ஒரு படிக்கு இரண்டு சென்டிமீட்டர். மேலே இருந்து நண்பன் "எங்கடா இருக்கு?" என்று கத்திக்கொண்டே இருந்தான். "பாதி." "இப்ப?" "கால்." கண்ணாடிப் பகுதியில் நீர் அறுந்து காற்று ஓடும் சத்தம் கேட்டது. படுக்கைக்குக் கீழே, எஃகுக் குழாயின் அடியில் மிதவை வந்து தட்டும் ஒலி. முள் காலிக்கோட்டில் நின்றது. நண்பனின் மகள், வாளிக் கணக்கை எழுதிய தாளை வெட்டி, மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.